சத்தம் போடும் கேமரா

ஜனவரி 5, ஞாயிறு. ரஜப் பிறை 4.

பிஸ்மில்லாஹ்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ரஹ்மத் லாத்தா வீட்டு உள்கூடத்தில் இருந்தவர்கள்: எனக்கு நேர் மூத்த அக்கா ரஹ்மத் லாத்தா, அவள் மகளும் மணப்பெண்ணுமான ஸஃப்வானா, மாப்பிள்ளையின் உம்மா ஜுனைதா மாமி, மடியில் தூங்கும் பிள்ளையோடு மாப்பிள்ளையின் தங்கை ஃபஸீலா, மைமூனாகிய நான். ஆண்கள் யாரும் இல்லை. லாத்தாவின் வீட்டுக்காரர், என் மச்சான், முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டு, தான் அங்கே இருப்பதைத் தெரிவிக்க அவ்வப்போது இருமிக்கொண்டிருந்தார்.

பேசியது ஒரே விஷயம். பிப்ரவரி 23 கல்யாணத்தில் பெண்கள் பக்கம் யார் படம் எடுப்பது?

போன வருஷம் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் பெண்கள் சாப்பிடும் படம் ஒன்று யாரோ ஒருத்தியின் போனிலிருந்து ஸ்டேட்டஸாகப் போய், பார்க்கக் கூடாதவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள். முக்காடு விலகிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் அதோடு நின்றது. அன்றிலிருந்து பெண்கள் கூடும் இடத்தில் வாசலிலேயே கூடை வைத்துப் போன்களை வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குப் பிறகு கல்யாணமான பெண் யாரிடமும் தன் கல்யாணப் படம் என்று ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளை மாமாமாரோடு மேடையில் நிற்கும் படங்கள் மட்டும் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

ஸஃப்வானா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அன்னைக்கு நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரிய வேணாமா மாமி?"

ஜுனைதா மாமி நல்ல கண்டிப்பு. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிறவர் இல்லை. ஒரே பெண், ஒரே கேமரா, போன் கூடவே கூடாது என்றார். பிறகு என்னைக் காட்டினார். தையல் மிஷினைத் தானாகக் கழற்றி மாட்டப் படித்தவள், வீட்டுக்காரர் கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போடப் படித்தவள், இதையும் படித்துக்கொள்வாள் என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குக் காதில் தேன் விட்ட மாதிரி இருந்தது. அல்லாஹ் என்னைப் பெருமையிலிருந்து காப்பானாக.

எழுந்து போகும்போது மாமி சொன்னது: "ஒத்தப் படம் வெளிய போச்சுன்னா, மைமூனு, அதுக்கப்புறம் இந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்."

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மகனைப் பார்க்க வேண்டுமென்றால் மாமி இந்த வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். ஸஃப்வானாவின் முகம் வெளுத்துவிட்டது. என் கையை விட்டு ஒரு படமும் போகாது என்று வாக்குக் கொடுத்தேன். இன்ஷா அல்லாஹ்.

ஜனவரி 8, புதன்.

காலையில் சாளை மீன். லுஹருக்குப் பிறகு டேப்லெட்டில் கேமரா வகைகளைப் படித்தேன். டேப்லெட் என் வீட்டுக்காரருடையது. அவர் பள்ளிவாசல் பயான் உரைகள் கேட்பதற்கு வாங்கியது.

புரிந்த வரையில் எழுதி வைக்கிறேன். சட்டைப்பைக்குள் போகும் சின்னக் கேமரா ஒரு வகை. லென்ஸ் கழற்ற வராது. அதிலேயே கொஞ்சம் பெருத்து, தூரத்துப் பறவையைக் கூடப் பக்கத்தில் இழுத்துக் காட்டுவது இன்னொரு வகை. மூன்றாவது, உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைக் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி 'டக்' என்று மேலே போய் வழிவிடும், படம் விழும். நான்காவது மிர்ரர்லெஸ். கண்ணாடியே இல்லை. கண் வைக்கும் இடத்தில் ஒரு குட்டி டி.வி. இருக்கிறது. எடுக்கப் போகும் படம் வெளுக்குமா கறுக்குமா என்று முன்கூட்டியே அதில் பார்த்துக்கொள்ளலாம். சத்தமே இல்லாமலும் எடுக்கலாம்.

துஆ ஓதும்போது 'டக் டக்' என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? மிர்ரர்லெஸ்தான் சரி என்று நினைக்கிறேன்.

படித்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. கஞ்சி என்று சொல்லிப் பரிமாறினேன்.

ஜனவரி 11, சனி.

இன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. எல்லாம் சென்சாரில் இருக்கிறது.

சென்சார் என்பது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை ஏந்தும் தகடு. அதன் அளவுகள் மில்லிமீட்டரில் போட்டிருந்தன. எண்ணாகப் பார்த்தால் எனக்கு எதுவும் நிற்காது. பழைய காலண்டர் அட்டையை எடுத்து ஸ்கேலால் அளந்து வெட்டினேன். ஃபுல் ஃபிரேம் என்பது முப்பத்தாறுக்கு இருபத்து நான்கு. அதற்கு அடுத்தது ஏ.பி.எஸ்.சி., இருபத்து மூன்றரைக்குப் பதினைந்தரை சொச்சம். அப்புறம் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், பதினேழுக்குப் பதின்மூன்று. அதற்கும் கீழே 'ஒரு அங்குலம்' என்று ஒன்று. போனில் இருப்பது பெரும்பாலும் அதைவிடச் சின்னது, சுண்டுவிரல் நகம் போல.

அந்த 'ஒரு அங்குல'த்தை எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு அங்குலம் வரவில்லை. நீளம் பதின்மூன்று மில்லிமீட்டர், அகலம் ஒன்பதுகூட இல்லை. மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன், அப்படியும் வரவில்லை. ஏதோ பழைய காலத்துக் குழாய் அளவு, பேர் அப்படியே நின்றுவிட்டதாம். துணிக்கடையில் இப்படி அளந்து கொடுத்தால் சும்மா விடுவோமா?

வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "ஸ்கேல வச்சு என்னத்த அளக்கே?" என்றார்.

"வெளிச்சத்த."

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கைகால் கழுவப் போய்விட்டார்.

அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது கல்யாண விருந்தான களறியில் மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டு ஞாபகம் வந்தது. மழையில் சஹனையும் வைத்து, காப்பி டம்ளரின் மூடியையும் வைத்தால், ஒரே மழைதான், ஆனால் சஹனில்தான் நிறையச் சேரும். இரண்டிலும் இருபத்து நான்கு மெகாபிக்சல் என்று போட்டிருந்தால்? பணியாரச் சட்டிதான். சின்னச் சட்டியிலும் பெரிய சட்டியிலும் குழிகள் ஒரே எண்ணிக்கை, ஆனால் பெரிய சட்டியின் குழி ஒவ்வொன்றும் அதிக மாவு பிடிக்கும். வெளிச்சம் குறைவான இடத்தில் சின்னக் குழிக்குப் போதுமான வெளிச்சம் கிடைப்பதில்லை. அதனால்தான் உள்கூடத்தில் போனில் எடுத்த படமெல்லாம் புள்ளி புள்ளியாக, ரவை தூவிய மாதிரி இருக்கிறது.

லாத்தா வீட்டு உள்கூடத்துக்கு ஒரே ஜன்னல். அதற்கும் திரை. ஆகவே சஹன்தான் வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு.

அட்டைகளைக் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிட்டேன். திரும்ப வெட்டினேன்.

ஜனவரி 19, ஞாயிறு.

திருநெல்வேலி போனோம். ஸஃப்வானா, நான், என் வீட்டுக்காரர். கேமரா வாடகைக்குக் கொடுக்கும் கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரைப் பார்த்தே விளக்கினார். இவர் சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "அவங்கட்ட சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதர் பொறுமையாகவே சொன்னார், குறை இல்லை. சின்ன சென்சார் கேமரா கனம் இல்லை, நாள் முழுக்கத் தூக்கலாம், நல்ல வெயிலில் வித்தியாசமே தெரியாது என்றார். அது நியாயமான பேச்சு. எனக்கு வெயில் கிடைக்காது என்றேன்.

ஃபுல் ஃபிரேம் மிர்ரர்லெஸ் ஒன்று, ஜூம் ஆகாத, அகலமாகத் திறக்கும் லென்ஸ் ஒன்று, மெமரி கார்டு ஒன்று. கல்யாணம் முடியும் வரை வாடகை. மச்சான் செலவு. கார்டு மட்டும் சொந்தமாக வாங்கினேன், அதில் இருப்பது எங்களோடு இருக்கட்டும் என்று.

ஸ்டுடியோவில் ஆண்கள்தான் அச்சடிப்பார்கள் என்பதால் வீட்டிலேயே அச்சடிக்க ஒரு சின்ன பிரிண்டருக்கு ஸஃப்வானா சொல்லி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 24, வெள்ளி.

பழகிக்கொண்டிருக்கிறேன். முருங்கைக்கீரை, அம்மிக்கல், பூனை, வீட்டுக்காரரின் முதுகு. கேமராவை வைஃபையில் டேப்லெட்டோடு இணைத்துவிட்டேன். எடுத்தது பெரிதாகத் தெரிந்தால்தான் தப்பு தெரிகிறது.

பெரிய சென்சாருக்கும் அகன்ற லென்ஸுக்கும் சேர்ந்து ஒரு குணம் உண்டு. எதைக் குறி வைக்கிறோமோ அது மட்டும் துல்லியம், பின்னால் இருப்பதெல்லாம் பாலில் கரைந்த மாதிரி ஆகிவிடும். கூட்டமாக எடுத்தால் முதல் வரிசைக்கு மட்டும் முகம் இருக்கும், ஆகவே அப்போது லென்ஸைக் கொஞ்சம் மூட வேண்டும். ஆனால் ஒருத்தியை மட்டும் எடுக்கும்போது, பின்னால் இருக்கிறவர்களுக்கு அதுவே திரை போட்டுவிடுகிறது. சுப்ஹானல்லாஹ், கேமராவுக்கே பர்தா தெரிந்திருக்கிறது.

கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எனக்கென்ன இதில்.

ஜனவரி 28, செவ்வாய்.

பூனை மட்டும் அறுபது படம் இருக்கும். பயிற்சிக்காக.

பிப்ரவரி 2, ஞாயிறு. ஷஃபான் பிறை 2.

லாத்தா வீட்டில் கல்யாணத்துக்கு ஓட்டுமா வறுத்தார்கள். தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். வாசலில் போன் கூடை. ஒத்திகையாக இருக்கட்டும் என்று ஜுனைதா மாமியே கேமராவுக்கு அனுமதி கொடுத்தார்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பின்கட்டுப் புகைக்குள் ஒரு கீற்று வெயில் விழுந்தது. அரிசிமாவு வறுபடும் வாசம். லாத்தாவின் கை சட்டுவத்தோடு மேலும் கீழும் போனது. சத்தம் இல்லாததால் யாருக்கும் நான் எடுப்பது தெரியவில்லை. ஃபஸீலா தன் பிள்ளை முகத்தில் மாவைத் தடவிவிட்டு அதையே திட்டினாள். ஜுனைதா மாமி அதைப் பார்த்துச் சிரித்தார். வாயை மூடாமல், தலையைப் பின்னால் சாய்த்து. அவர் அப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. எடுத்தேன்.

என் வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டை என் கையில் கொடுத்தார். லாத்தா வீட்டு முன்கூடத்தில் மச்சானோடும் களறிச் சமையல்காரரோடும் உட்கார்ந்து, சாமான் கணக்குப் பார்க்க அதைத் திறந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் நான் எடுக்க எடுக்க, இந்தப் பக்கம் ஒவ்வொன்றாக அதில் வந்திருக்கிறது. இணைத்ததை நான் பிரிக்கவில்லை. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன நகலைத் தானாக அனுப்பும் என்று எனக்குத் தெரியாது.

"ஒரு கை வந்துச்சு. உங்க லாத்தா வளையல் மாதிரி இருந்துச்சு. கவுத்து மடியில வச்சுட்டேன். மத்த ரெண்டு பேரும் பாக்கல. சார்ஜ் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார்.

நகல்களையெல்லாம் அழித்தேன். இணைப்பையும் பிரித்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்.

இன்று ஒன்றும் எழுத வரவில்லை. மீன் வாங்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்.

லாத்தாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாதே, யாரும் பார்க்கவில்லை, என் பிள்ளையின் கல்யாணம் என்று அழுதாள். ஸஃப்வானா அடுத்த அறையில் நின்று கேட்டுவிட்டாள். வெளியே வந்து, "சாச்சி, மாமிக்கிட்ட சொல்லிருங்க. பின்னால தெரிஞ்சா அவங்க வரவே மாட்டாங்க" என்றாள். லாத்தா அவளை அடிக்காத குறைதான்.

அஸருக்குப் பிறகு ஜுனைதா மாமி வீட்டுக்குத் தனியாகப் போனேன். மாமி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். மாமி மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துணியை அடுக்கின் மேல் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"போனத விடு. நீ எப்ப எடுத்தேன்னே எனக்குத் தெரியல. அதுதான் எனக்கு மனசுக்கு ஆகல."

மாமி அடுக்கைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தார்.

"எல்லாத்தையும் அழி. அவவ படத்த அவவ கண்ணு முன்னால வச்சு அழி. என்னோடத கடைசியா கொண்டா. அதையும் அழிச்ச பிறகுதான் கல்யாணத்துக்கு நீ எடுக்கலாமா வேணாமான்னு சொல்லுவேன்."

பிப்ரவரி 9, ஞாயிறு.

நான்கு நாட்களாக வீடு வீடாகப் போகிறேன். அழிப்பதற்குத்தான் போகிறேன், அழிக்கத்தான் உடனே முடிவதில்லை.

கேமராவின் பின்திரையில் அவரவர் படத்தைக் காட்டுகிறேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். யாரும் பெரிதாகக் கோபிக்கவில்லை. ஒருத்தி மட்டும் நன்றாகத் திட்டினாள், அது எனக்குச் சேர வேண்டியது. திட்டி முடித்துவிட்டு, "கொஞ்சம் இரு, இன்னும் பெருசாக்கு" என்றாள். பெரிதாக்கினேன். சென்சார் பெரிதாக இருப்பதால் கண்ணிமை வரைக்கும் போகலாம், உடையாது. தன் கண்ணைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்னொருத்தி தன் மூக்கு அவ்வளவு பெரிதா என்று கேட்டாள். லென்ஸின் கோளாறு என்று சொன்னேன். பொய்தான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

எல்லோரும் கடைசியில் அழி என்றுதான் சொன்னார்கள். அழித்தேன். ஆனால் கல்யாணத்தன்று திரும்ப எடுப்பாயா என்று கேட்காதவர்கள் இல்லை.

பிப்ரவரி 12, புதன்.

மறுபடி திருநெல்வேலி. மிர்ரர்லெஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கு வேண்டியதைச் சொன்னேன். சென்சார் அதே சஹன் அளவு இருக்க வேண்டும். எதோடும் இணையக் கூடாது, காற்றில் எதையும் அனுப்பத் தெரியாததாக இருக்க வேண்டும். எடுத்தால் சத்தம் கேட்க வேண்டும், அறை முழுக்க.

கடைக்காரருடைய இருபது வருஷத் தொழிலில் சத்தம் வேண்டும் என்று கேட்டு வந்தவர் யாரும் இல்லையாம். உள்ளே போய் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். எடுத்து வந்தார். அதே கம்பெனிதான். தூசி தட்டி அழுத்தினார். 'டக்' என்று கதவு சாத்தின மாதிரி கேட்டது. குட்டி டி.வி. கிடையாது, படம் வெளுக்குமா என்பதை எடுத்த பிறகுதான் பார்க்க முடியும். இருட்டில் புதிய கேமராவின் அளவுக்கு வராது, ஆனாலும் பெரிய குழி பெரிய குழிதான். கனம் மட்டும் ஒரு தேங்காய் இருக்கும்.

"வைஃபை இல்லையேம்மா, பரவாயில்லையா?"

"அதுக்குத்தான் கேக்கேன்."

பிப்ரவரி 15, சனி.

ஜுனைதா மாமி வீடு. கார்டைப் பழைய கேமராவில் போட்டு எடுத்துப் போனேன். முதலில் சத்தத்தைக் கேட்கச் செய்தேன். சுவரைப் பார்த்து எடுத்தேன், 'டக்'. மாமி உள்ளே போய் நின்றுகொண்டு இன்னொரு தரம் அழுத்தச் சொன்னார். அங்கேயும் கேட்டது. அடுப்படிக்குப் போனார். கேட்டது. "இது யோக்கியமானது" என்றார்.

பிறகு அவருடைய படத்தைக் காட்டினேன். புகையும் வெயிலும், தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார். மாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பெரிதாக்கும் பொத்தான் எது என்று மட்டும் கேட்டார். தானே அழுத்தினார்.

"என்னைய எடுத்தது ஹஜ் பாஸ்போர்ட்டுக்கு மட்டுந்தான்" என்றார். "அதுல செத்தவ மாதிரி இருப்பேன்."

அழித்துவிடவா என்று கேட்டேன். அஸர் பாங்கு சொல்லிவிட்டது, தொழுதுவிட்டு வருகிறேன் என்றார். தொழுதுவிட்டு வந்து, மீன்காரன் வந்திருக்கிறான், நாளைக்கு வா என்றார். மீன்காரன் யாரும் வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்.

மாமிக்குத் தலைவலியாம். ஆனால் படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

பிப்ரவரி 19, புதன்.

இன்றும் அப்படித்தான். பார்த்தார், கொடுத்தார், அழிக்கச் சொல்லவில்லை. கல்யாணத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. ஸஃப்வானா தினமும் என் முகத்தைப் பார்க்கிறாள். லாத்தா நோன்பு வைப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

நேரில் கேட்டால் மாமி நழுவுகிறார். ஃபஸீலாவின் போனுக்கு அனுப்பினால் வீடே படிக்கும். ஆகவே ஒரு சீட்டு எழுதி, நாளை வட்டலப்பம் அனுப்பும் தூக்குச்சட்டியில் வைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 20, வியாழன். ஷஃபான் பிறை 20.

அனுப்பிய சீட்டின் நகல்:

அன்புள்ள ஜுனைதா மாமிக்கு, மைமூன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோருடைய படத்தையும் அவரவர் முன்னிலையில் அழித்துவிட்டேன். பெண்கள் படம் என்று கார்டில் இருப்பது உங்களுடையது ஒன்றுதான். அதையும் அழித்த பிறகுதான் கல்யாணத்துக்கு எடுக்கலாமா என்று சொல்வதாகச் சொன்னீர்கள். நீங்களோ அதை அழிக்க விடவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை மாமி. அதை அழிக்க எனக்கும் கை வரவில்லை.

ஸஃப்வானாவின் பிரிண்டர் வந்துவிட்டது. நீங்கள் சொன்னால் அந்தப் படத்தை என் கையாலேயே ஒரே ஒரு தாளில் அச்சடித்து, உங்கள் கையில் கொடுத்துவிட்டு, கார்டில் உள்ளதை உங்கள் முன்னாலேயே அழிக்கிறேன். அப்போது நீங்கள் சொன்ன சொல்லும் நிற்கும், படமும் உங்களிடம் இருக்கும். நீங்கள் அதை எங்கே வைக்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அச்சடிக்கவா, அழிக்கவா? ஸஃப்வானாவுக்கு நான் எடுக்கலாமா, கூடாதா? நாளை ஜும்ஆவுக்குள் பதில் சொல்லி அனுப்புங்கள்.